இறந்த பிறகா வீடு தேடிச் செல்வது?

கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவே கருணாபுரம் இருக்கிறது. கூலி வேலையை நம்பி வாழும் அன்றாடங்காய்ச்சிகளின் பகுதி அது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 18, 19 ஆகிய நாட்களில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அப்பகுதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு விழுந்ததையும், கோமுகி ஆற்றங்கரையில் ஒரே வேளையில் பல உடல்கள் எரிந்ததையும் தமிழகம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டோம். கலங்கினோம். சில நாட்கள் அதைப் பற்றியே பேசினோம்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நாம் அதிகம் கவனிக்கவில்லை. மருத்துவக் குழுக்கள் அப்பகுதியில் வீடு வீடாகச் சென்றன. யார் குடித்தார்கள், யாருக்குக் கண் மங்குகிறது, யாருக்கு வயிற்று வலி என்று விசாரித்தன. இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு உதவிகளை அறிவித்தது. இவற்றை வழங்க வேண்டுமானால் எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், அவர்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், இனி அவர்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் தேவை. அந்த விவரங்கள் சில நாட்களிலேயே திரட்டப்பட்டன.

இங்கேதான் நம் மனத்தை உறுத்தும் கேள்வி பிறக்கிறது. சில நாட்களில் திரட்ட முடிந்த இந்த விவரங்களை ஓராண்டுக்கு முன்னால் ஏன் யாரும் திரட்டவில்லை? வாரக் கூலியில் எவ்வளவு வீட்டுக்கு வந்து சேருகிறது, எவ்வளவு சாராயப் பாக்கெட்டுக்குப் போகிறது என்று அந்தத் தெருப் பெண்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே போல் மாண்டிருந்தார்கள். எச்சரிக்கை மணி அடித்த பிறகும் நம் நகரங்களில் எந்தத் தெரு ஆபத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்க்க நமக்குத் தோன்றவில்லையே!

கள்ளச் சாராயத்தைத் தடுப்பது காவல்துறையின் கடமை. அந்தக் கடமை தவறியதா என்பதை விசாரிக்கும் பொறுப்பை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. கணக்கெடுப்பு எதுவும் அந்தக் கடமைக்கு மாற்றாக முடியாது. ஆனால் ஒரு நகரத்தை வளர்க்கிறோம் என்று சொல்பவர்கள், அந்த நகரத்து மக்களின் வாழ்வை அவர்கள் வாயாலேயே கேட்டறியாமல் திட்டம் தீட்டுவது எப்படி நியாயமாகும் என்பதை நாம் சிந்தித்தாக வேண்டும்.

நம் கையில் இருக்கும் கணக்குகள்

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரான பிறகு அலுவலகங்கள் பெருகின. நிலத்தின் விலை ஏறியது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மக்கள் நகரத்துக்கு வந்து வாடகைக்குக் குடியேறுகிறார்கள். ஆனால் இந்த நகரத்தின் மக்கள் தொகை எவ்வளவு என்று கேட்டால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 52,508 என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப் போனது. 2025 ஜூன் 16 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, 2027 மார்ச் முதல் நாளை அடுத்த கணக்கெடுப்பின் ஆதார நாளாகக் குறித்தது. 2011-இல் பிறந்த குழந்தை அதற்குள் பத்தாம் வகுப்பை முடிக்கும் வயதுக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளை வாழும் தெருவுக்குக் குடிநீரும் கழிவுநீர் வாய்க்காலும் போட நாம் கையில் வைத்திருப்பது அது பிறந்த ஆண்டின் கணக்கு!

தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. தாய் சேய் நலம், இரத்தசோகை, குடிப்பழக்கம், குடும்ப வன்முறை ஆகியவற்றை அது வீடு வீடாகக் கேட்டறிகிறது. 2019-21-இல் நடந்த அதன் ஐந்தாம் சுற்று, 2017 மார்ச் மாத நிலவரப்படி இருந்த மாவட்டங்களை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அதில் கள்ளக்குறிச்சி என்ற மாவட்டமே கிடையாது. மரக்காணத்துக் கடற்கரையும் வெள்ளிமலைக் காடும் விழுப்புரம் என்ற ஒரே பெயரில், ஒரே சராசரிக்குள் அடங்கிவிட்டன.

அந்த ஆய்வின் தரவுகளைக் கொண்டு நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, தமிழகத்தில் வறியவர்கள் நூற்றுக்கு 2.2 பேர் மட்டுமே. மாநிலம் பெருமைப்படத்தக்க செய்திதான். ஐயமில்லை. ஆனால் அந்த 2.2 பேர் எந்தத் தெருவில், எந்த மலைக்குடியிருப்பில் இருக்கிறார்கள் என்பதை அந்த எண் நமக்குச் சொல்லாது. நூற்றுக்கு 98 பேர் கரையேறிவிட்ட பிறகு மீதி இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை. அதற்குச் சராசரி உதவாது. வாசற்படி ஏறித்தான் ஆக வேண்டும்.

சராசரியில் மறையும் தெரு

மாதிரி ஆய்வு என்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உதாரணத்திற்கு 12,000 வீடுகள் உள்ள ஒரு நகரம் என்று வைத்துக்கொள்வோம். பாரபட்சமின்றி 400 வீடுகளைத் தெரிந்தெடுத்துக் கேட்டால் நகரத்தின் பொது நிலைமை ஏறக்குறையச் சரியாகவே கிடைத்துவிடும். எத்தனை வீட்டில் கழிப்பறை இல்லை, எத்தனை வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்பதை நூற்றுக்கு ஐந்து புள்ளி கூடவோ குறையவோ சொல்லிவிடலாம். நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கு அது போதும்.

ஆனால் 12,000-க்கு 400 என்றால் முப்பது வீட்டுக்கு ஒரு வீடு. அறுபது வீடுகள் உள்ள ஒரு தெருவில் இரண்டே கதவுகள் தட்டப்படும். அந்த இரண்டு வீட்டிலும் பகல் பதினொரு மணிக்கு ஆள் இருக்காது. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்று குறித்துக்கொண்டு ஆய்வாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். யாருடைய நிலைமையை முதலில் அறிய வேண்டுமோ அவர்களுடைய கதவுதான் முதலில் விடுபட்டுப் போகிறது. எந்த அதிகாரியும் வேண்டுமென்று செய்வதில்லை. வேலை நடக்கும் முறையிலேயே இந்த ஓட்டை இருக்கிறது.

கேள்விகளிலும் இதே சிக்கல் உண்டு. "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் கூலித் தொழிலாளி என்ன சொல்வார்? அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. கூடுதலாகச் சொன்னால் உதவி கிடைக்காமல் போகுமோ என்ற பயம் வேறு. வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்வார், அது தாளில் ஏறும், பிறகு அதுவே உண்மை ஆகிவிடும். அதற்குப் பதிலாக, "போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? கடைசியாக வட்டிக்குப் பணம் வாங்கியது எதற்காக? சோறு ஆக்காத நாள் இந்த மாதத்தில் உண்டா?" என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும்.

மலையும் நகரமும்

கள்ளக்குறிச்சி நகரத்தைப் பற்றிப் பேசும்போது கல்வராயன் மலையை விட்டுவிட்டுப் பேச முடியாது. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மேலேறினால் வெள்ளிமலை, கரியாலூர் என்று மலைக்கிராமங்கள் தொடங்குகின்றன. மலையாளி என்ற பெயருடைய, தமிழ் பேசும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவிக்கிறார்கள். கடுக்காயும் புளியும் சேகரிக்கிறார்கள். மழை பொய்த்தாலும் கடன் நெருக்கினாலும் கேரளத்துக்கும் கர்நாடகத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். அவர்களில் சிலர் கீழே இறங்கி நகரத்தின் ஓரங்களில் தங்குகிறார்கள். மலையில் வாழ வழியில்லாமல் போகும்போது நகரத்தில் ஒரு புதிய குடிசை முளைக்கிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியே அளந்தால் இரண்டுமே நமக்குப் புரியாது.

1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே அரசு நிர்வாகம் முழுமையாக மலையேறியது. பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம் அங்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். அதுவரை வந்த கணக்கு வரி வாங்க வந்த கணக்கு. மக்களின் தேவையைக் கேட்க வந்த கணக்கு எது?

2024-இல் கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு எல்லாருடைய கண்ணும் மலையின் பக்கம் திரும்பியது. சாராய ஊறல்களைத் தேடிக் காவல்துறை மலையேறியது. மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சும் சாராயம் நெடுங்காலமாக இருந்துவரும் தீமை என்பதை மறுக்க முடியாது. ஆனால் கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது அந்தச் சாராயம் அன்று. அது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால், சமவெளியிலிருந்து வாகனத்தில் வந்தது. அப்படியிருந்தும் பழியில் ஒரு பெரும் பங்கு மலைமக்கள் தலையில் விழுந்தது.

அந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ஆகியோர் அடங்கிய அமர்வு, சாலை, பள்ளி, மருத்துவ வசதி, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவை அம்மக்களுக்கு எந்த அளவில் கிடைத்துள்ளன என்று அரசிடம் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் சென்று பார்க்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அந்தக் கேள்விகளைக் கூர்ந்து பாருங்கள். ஒரு நல்ல வீட்டுக் கணக்கெடுப்பின் வினாத்தாளில் இருக்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. ஊராட்சி கேட்டிருக்க வேண்டியதை உயர் நீதிமன்றம் கேட்க வேண்டி வந்தது.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. மலைமக்களுக்குப் பெயர்ப் பட்டியல் என்றால் பயம். காக்கிச் சட்டை வந்து பெயர் கேட்டால் சாராய வழக்கோ என்று நினைப்பார்கள். வனத்துறை வந்து கேட்டால் நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று நினைப்பார்கள். பெயரைச் சொன்னதால் துன்பம் வந்த அனுபவம் உள்ளவர்களிடம், பெயரைச் சொன்னால் நன்மை வரும் என்று எந்த முகத்தோடு சொல்வது? எந்தக் கணக்கெடுப்பும் முதலில் சம்பாதிக்க வேண்டியது நம்பிக்கையை.

நூறு ஆண்டு ஆராயப்பட்ட ஊர்

நம் பகுதிக்கு இது புதிய முயற்சியே அன்று. இந்தியாவில் கிராமக் கணக்கெடுப்புக்கு வழி காட்டிய ஊர்களில் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்து அவர்கள் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் உள்ளது. அந்த ஆய்வு 1918-இல் நூலாக வந்தது. 1930-களில் பி.ஜே.தாமஸ், கே.சி.ராமகிருஷ்ணன் இருவரும் மறுபடி ஆராய்ந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ்.குகனும் ஜோன் மென்ச்சரும் ஆராய்ந்தார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் மூவரும் ஆராய்ந்தார்கள். ஒரு பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர், அந்தப் பிடி தளர்ந்து, கூலிக்காரர்கள் வெளி வேலைகளைத் தேடிக்கொண்ட ஊராக மாறிய வரலாறு இந்த ஆய்வுகளால்தான் நமக்குத் தெரிகிறது. ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதன் பயன் இது. ஒருமுறை கேட்டால் நிலைமை தெரியும். மீண்டும் கேட்டால்தான் மாற்றம் தெரியும்.

ஆனால் இந்த ஊரின் கதையில் வருத்தமான ஒரு பின்குறிப்பும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையாலும் தென்பெண்ணை வெள்ளத்தாலும் இப்பகுதி மூழ்கியது. வெள்ளத்தைப் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்ட செய்தி இதே இருவேல்பட்டிலிருந்துதான் வந்தது. தங்களை யாரும் வந்து பார்க்கவில்லை, உதவி கிடைக்கவில்லை என்பது மக்களின் கோபம். சேறு வீசுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. உலகின் பொருளியல் அறிஞர்கள் அறிந்த ஊர் அது. அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்வதும் நம் நோக்கமன்று, அவர்களின் பணி அறிவுக்கானது. ஆனால் ஓர் ஊரைப் பற்றிய அறிவு நூலகத்தில் சேர்ந்துகொண்டே போகலாம், ஆபத்து வேளையில் அந்த ஊருக்கு அதனால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். கேட்டது கேட்டவரிடமே தங்கிவிட்டால் இதுதான் நடக்கும்.

வெளியூர்களிலிருந்து இரண்டு பாடங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஏழாம் வார்டு என்ற பகுதி இருந்தது. கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. குற்றமும் வறுமையும் அங்கிருந்துதான் பிறக்கின்றன என்பது நகரத்துப் பெரிய மனிதர்களின் எண்ணம். 1896-இல் டபிள்யூ.இ.பி.டுபாய்ஸ் என்ற இளம் கறுப்பின அறிஞர் ஆய்வுப் பணிக்கு அமர்த்தப்பட்டார். அவர் மனைவியோடு அந்தப் பகுதியிலேயே குடியேறி, சுமார் 2,500 வீடுகளுக்குத் தாமே நடந்து சென்று கேட்டார். 1899-இல் வெளிவந்த அவரது நூல், அம்மக்களுக்கு வேலை மறுக்கப்படுவதையும் அவர்கள் கூடுதல் வாடகை கொடுப்பதையும் நிற வேற்றுமை அவர்களை அங்கேயே அடைத்து வைத்திருப்பதையும் எண்களோடு நிறுவியது. 'இவர்களிடம் என்ன கோளாறு?' என்று கேட்கச் சொல்லி அனுப்பப்பட்டவர், 'இவர்களுக்கு என்ன இழைக்கப்பட்டது?' என்ற விடையோடு திரும்பினார். கருணாபுரத்தைப் பற்றியும் கல்வராயன் மலையைப் பற்றியும் நாம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம்?

இரண்டாவது பாடம் பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறது. கேரளத்தில் ஆலப்புழை நகரத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஏழைகளைக் கண்டறிய ஒரு புதிய முறை கையாளப்பட்டது. வருமானத்தைக் கேட்கவில்லை. ஒன்பது அடையாளங்களைப் பார்த்தார்கள். வீடு உறுதியானதா, குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கிறாரா, சம்பாதிப்பவர் ஒருவர்தானா, இரண்டு வேளைச் சோற்றுக்கே தவிப்பா, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை உண்டா, குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் வீட்டில் இருக்கிறாரா, பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பமா என்ற ஒன்பது. இவற்றுள் நான்கு பொருந்தினால் அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம். இதைப் பார்த்துச் சொன்னவர்கள் வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் அல்லர், அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுக்கள். பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? 1998-இல் உருவான குடும்பஸ்ரீ இயக்கத்துக்கு இந்த அனுபவம் அடித்தளமானது.

அதே கேரளம் 2021-இல் மிக வறிய குடும்பங்களைத் தேடும் கணக்கெடுப்பைத் தொடங்கி, 64,006 குடும்பங்களைக் கண்டறிந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் தீட்டப்பட்டது. சிலருக்கு வீடு, சிலருக்கு மருந்து, சிலருக்குக் குடும்ப அட்டை. 2025 நவம்பர் முதல் நாள், மிக வறுமை நீங்கிய மாநிலம் என்று கேரளம் அறிவித்தது. அந்தப் பட்டியலில் பழங்குடிக் குடும்பங்கள் பல விடுபட்டிருப்பதாகப் பொருளியல் அறிஞர்களும் சமூக ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினார்கள். இந்தக் கேள்வியும் நமக்குப் பாடமே. எவ்வளவு அக்கறையோடு தேடினாலும் மலையடிவாரத்தோடு தேடல் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

சட்டம் தரும் வாசல்கள்

இதெல்லாம் நல்ல மனது உள்ளவர்களின் விருப்ப வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். சட்டமே சில கணக்கெடுப்புகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வொரு நகரத்திலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகள் அனைவரையும் கணக்கெடுக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, மனிதக் கழிவைக் கையால் அகற்றும் இழிவு எங்காவது இருந்தால் அதில் ஈடுபடுத்தப்பட்டவர்களை நகராட்சி கணக்கெடுத்து மறுவாழ்வு தர வேண்டும். தமிழகத்தில் 2022-இல் வெளியான விதிகளின்படி நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உண்டு. கிராமங்களில் கிராம சபை உண்டு, தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது.

கணக்கெடுப்பின் விடைகளை மக்கள் முன் வாசிக்க இவற்றைவிடப் பொருத்தமான இடம் ஏது? "உங்கள் தெருவில் இத்தனை வீட்டுக்குக் கழிப்பறை இல்லை என்று சொன்னீர்கள், சரிதானா? எதை முதலில் செய்வோம்?" என்று அங்கே கேட்கலாம். தவறு இருந்தால் மக்களே திருத்துவார்கள். விடுபட்ட வீட்டைக் கை நீட்டிக் காட்டுவார்கள். ஆனால் நம் பகுதி சபை எப்போது கூடியது, அதில் யார் பேசினார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருக்கிற வாசலைத் திறக்காமல் சுவரில் முட்டிக்கொண்டு என்ன பயன்?

நாம் என்ன செய்யலாம்?

திருத்தந்தை 23-ஆம் யோவான் 1961-இல் வெளியிட்ட 'மாத்தர் எத் மஜிஸ்த்ரா' சுற்றுமடலில், சமூகப் போதனையைச் செயலாக்க மூன்று படிகளைக் காட்டினார். முதலில் நிலைமையைப் பார்க்க வேண்டும். அடுத்து அதைச் சீர்தூக்க வேண்டும். பிறகு செயலில் இறங்க வேண்டும். நாம் பெரும்பாலும் மூன்றாம் படியிலிருந்தே தொடங்குகிறோம். தையல் எந்திரம் கொடுக்கிறோம், அரிசி கொடுக்கிறோம், போர்வை கொடுக்கிறோம். கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டியது போர்வையா, வட்டிக்காரனிடமிருந்து விடுதலையா என்று பார்க்கும் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. மாதர் சங்கங்களும் இளையோர் இயக்கங்களும் இருக்கின்றன. பள்ளி கல்லூரி மாணவர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு தெரு, அறுபது வீடு, இரண்டு வாரம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சில நெறிகள் மட்டும் தேவை.

முதலாவது, தெருவில் ஒரு வீடும் விடுபடக் கூடாது. பங்குப் பதிவேட்டில் உள்ள குடும்பங்களை மட்டும் பார்த்தால் அது மக்கள் கணக்கெடுப்பாகாது. மதம் என்ன என்ற கேள்வியே வினாத்தாளில் வேண்டாம். வேறு நோக்கத்தோடு வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஒரு வீட்டில் எழுந்தாலும் முழு வேலையும் கெட்டுவிடும்.

இரண்டாவது, கேட்பவர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவராக, கூடுமானவரை பெண்ணாக இருக்கட்டும். மலையில் மலைப்பிள்ளைகளே கேட்கட்டும். வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் மாலை ஏழு மணிக்கு மேல் போவோம். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறையாவது போவோம். கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ போயிருக்கும் குடும்பத்தை அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்துக் குறித்துக்கொள்வோம்.

மூன்றாவது, சொன்னவருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய எதையும் பெயரோடு எழுத வேண்டாம். எந்த வீட்டில் யார் குடிக்கிறார், யார் முன்பு சாராயம் காய்ச்சினார் என்பது கணக்கெடுப்பவரின் ஏட்டில் பெயரோடு இருக்குமானால், அது நாளைக்கு வேறு கைக்குப் போகும். தெருவில் இத்தனை வீடுகளில் இந்தத் துன்பம் உண்டு என்ற எண்ணிக்கை போதும். உதவி வேண்டும் என்று தாமே கேட்பவரின் பெயரை மட்டும், அவர் சம்மதத்தோடு, தனியே குறித்துக்கொள்ளலாம்.

நான்காவது, ஒரு மாதத்துக்குள் அதே தெருவில் மக்களைக் கூட்டி விடைகளைப் படித்துக் காட்டுவோம். அவர்கள் சொல்லும் மூன்று தேவைகளை மனுவாக எழுதி, பகுதி சபையிலோ கிராம சபையிலோ அவர்களே கொடுக்கச் செய்வோம். ஓராண்டு கழித்து மறுபடியும் போய், என்ன மாறியது என்று கேட்போம். திரும்பிப் போக மனமில்லை என்றால் முதல்முறை போகாமல் இருப்பதே மேல். கேட்டுவிட்டுக் கைவிடுவது ஏழையை இரண்டு முறை ஏமாற்றுவது ஆகும்.

லூக்கா நற்செய்தியில் அகுஸ்து சீசரின் கணக்கெடுப்பைப் பற்றி வாசிக்கிறோம். பேரரசின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து பெயரைப் பதிவு செய்ய நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி பெத்லகேமுக்கு வந்தாள். கணக்கில் அவளுக்கு இடம் இருந்தது, ஊரில் தங்க இடம் இருக்கவில்லை. எண்ணப்படுவது வேறு, ஏற்றுக்கொள்ளப்படுவது வேறு என்பதை ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவிலும் நாம் கேட்கிறோம். அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் கருணாபுரத்து வீடுகளும் கல்வராயன் மலையின் குடியிருப்புகளும் எண்ணப்படும். அது அரசின் கடமை. அந்த வீடுகளில் வாழ்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்கும் கடமை அரசோடு முடிந்துவிடவில்லை.

கருணாபுரத்தில் தாய் தந்தையை இழந்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் கருணாபுரத்தைப் போன்ற தெருக்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று யாரிடமும் பட்டியல் இல்லை. நம் பங்கின் எல்லைக்குள் அப்படி ஒரு தெரு எது என்று நமக்குத் தெரியும். இந்த மாதத்திலேயே ஒரு மாலைப் பொழுதில் அங்கே போய், முதல் வீட்டின் வாசலில் நின்று, "உள்ளே வரலாமா அம்மா?" என்று கேட்போம்.